எண்ணூறு சதவீதம்

பர்கூர் தாண்டி ஒரு கோயிலிலிருந்து
ஃபாதர் அருளானந்து பென்டிரைவில் கொண்டுவந்தார்
பீடத்துப் படம்.
கரையான் ஏறிவிட்டதாம்.
திருவிழாவுக்குள் பதினாறுக்குப் பத்தில் ஒரு ஃபிளெக்ஸ் வேண்டும்.
"வெடிப்பெல்லாம் மூடிரும்மா.
மாதா முகம் கொஞ்சம் வெள்ளையாகட்டும்.
கீழே உபயதாரர் பேர், பெரிசா."

ரவுண்டானாவில் கிரானைட் லாரிகள் திரும்பும்போதெல்லாம்
என் மானிட்டர் நடுங்கும்.
அந்த நடுக்கத்தோடு எண்ணூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன்.

மாட்டுத் தொழுவம்.
வைக்கோல் என்று நினைத்தது ராகித் தாள்.
மாடு எங்கள் பக்கத்து மாடு,
கொம்பு பின்னால் வளைந்து,
முழங்காலில் செம்மண்.
மாதாவின் முக்காட்டில் கப்பலில் வந்த நீலம்
பாதியில் தீர்ந்து, மீதி அவுரி.

யார் வரைந்தது என்று கேட்டேன்.
"அந்தக் காலத்துப் பிரெஞ்சு சாமியார்" என்றார்.
பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே,
"அவருக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. கூட வந்தவங்க.
கணக்குப் புத்தகத்தில் இருக்கு."

வாட்ஸ்அப்பில் வந்தது பக்கம்,
சிஸ்டர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் தமிழ் எழுதியது:
தங்கை ஹோர்த்தான்ஸுக்குக் கப்பல் கூலி.
ஆளிவிதை எண்ணெய், இரண்டு புட்டி.
அவுரி, மூன்று அணா.
கல்லுடைக்கும் திம்மனுக்கு, சும்மா நின்றதற்கு,
ஒன்பது நாள் கூலி.
காய்ச்சல் மருந்து.
பெட்டிக்குப் பலகை.

எல்லாம் செலவுப் பக்கத்தில்.
வரவுப் பக்கத்தில் அவள் இல்லை.

மீதியைப் படத்திடம்தான் கேட்டேன்.
சூசையப்பருக்குக் கை இல்லை.
ஒன்று மாட்டுக்குப் பின்னால், ஒன்று போர்வைக்குள்.
ராஜாக்கள் மூவருக்கும் விரல் தாண்டித் தொங்கும் சட்டைக்கை.
சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.
இரவு யூடியூபில் ஓர் ஆள் சொன்னான்:
அங்கே, அந்தக் காலத்துப் பள்ளிகளில்,
ஆணை நிறுத்தி வரையும் அறைக்குள்
பெண்களை விடமாட்டார்கள்.
பூ வரையலாம். பழம் வரையலாம்.
மாடு வரையலாம், கசாப்புக் கூடத்துக்குத் துணிந்து போனால்.

போயிருக்கிறாள்.
இந்த மாட்டின் தோள் சொல்கிறது,
தோலுக்கடியில் எலும்பு எங்கே திரும்பும் என்று
கத்திக்காரன் பக்கத்தில் நின்று பார்த்தவள்.
இருபதில் ரோஜா, முப்பதில் திராட்சை,
நாற்பதில் அண்ணனுக்குச் சமையல் என்று
நானாகப் போட்டுக்கொண்டேன். தேதி எதுவும் இல்லை.

இடது ஓரத்தில், மெழுகுவர்த்திப் புகை படிந்த இடத்தில்,
வெளிச்சத்தைக் கூட்டியபோது ஒருவன் வெளியே வந்தான்.
இடையன் நிற்கவேண்டிய இடம்.
ஆனால் கையில் கோல் இல்லை, உளி.
ஒன்பது நாள் சும்மா நின்றவன்.
கட்டைவிரல் நகம் செத்துக் கறுத்திருக்கிறது.
மணிக்கட்டில் நரம்பு கிளை பிரிகிறது.
வெடிப்புகளுக்குள் கல்தூள்.
குவாரியிலிருந்து வந்து என் அப்பா
சோற்றுக்கு நீட்டுவாரே, அந்தக் கை.
அதை ஒரு சட்டைக்கையும் மறைக்கவில்லை.
கடைசியில் இங்கே வந்து, இவனிடம்,
ஒரு கையை முழுசாகப் பார்த்துவிட்டாள்.

அவன் காலடியில் சாமியார் பெயர்.
அந்தப் பெயரின் பூச்சுக்கு அடியில் இன்னொரு எழுத்து,
இரண்டு கால், நடுவில் ஒரே ஒரு படி,
ஏணி மாதிரி.

மாதா முகத்தை வெள்ளையாக்கினேன். சொன்ன வேலை.
வெடிப்புகளை மூடினேன்.
சாமியார் பெயரை, சொல்லாமலே, வெடிப்புக் கணக்கில் சேர்த்தேன்.
'உபயம்: மகிமைநாதன் மாம்பழக்கூழ் ஆலைக் குடும்பத்தார்'
என்பதை வலப்பக்கம் தள்ளினேன், ஏழு அங்குலம்.
பில்லில் எங்கள் முதலாளி வழக்கம்போல் எழுதினார்:
டிசைன் இலவசம்.

ஐலெட் அடிக்கிற பையன் காதில் ஹெட்போன்.
இடது கீழ்மூலையில், சரியாக ஏணியின் மேல்,
ஓட்டை போட்டு வளையம் அடித்தான்.
கத்த வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் கயிற்றை அளந்துகொண்டிருந்தான்.
மலைக்காற்று அறையும் அந்தக் கோயில் மைதானத்தில்
படம் பிய்ந்து போகாமல் இழுத்துப் பிடிக்கிற கயிறு
அதற்குள் நுழைந்துதான் போகவேண்டும்.